டீ பெக்கட்டுல இருக்கற சிவப்பு எழுத்து

நம்ம பிளேன்டீய சீனாக்காரங்க கறுப்புன்னு சொல்றதே இல்ல. இங்கிலீஷ்காரன் வச்ச பேரத்தான் நாம கறுப்புத் தேயிலைன்னு ஆக்கி வச்சிருக்கோம், ஆனா சீனாவுக்குப் போற சிலோன் டீ பெக்கட்டப் பாத்தீங்கன்னா நாலு எழுத்து போட்டிருக்கும், ஷீலான் ஹோங் ச்சா. மொத ரெண்டும் சிலோன், கடைசி எழுத்து தேயிலை, நடுவுல நிக்கற ஹோங்தான் சிவப்பு. நான் தலவாக்கலை பக்கம் ஒரு இஸ்டோர்ல, அதான் தேயிலை பெக்டரியில, வேலை செய்றேன், சீன பாஷை எல்லாம் ஒழுங்கா படிச்சவன் இல்ல, ராத்திரி ஷிப்ட்ல போன நோண்டி நோண்டி அந்த ஒரு எழுத்தப் பத்தி மட்டும் கொஞ்சம் தேடிப் படிச்சேன்.

எனக்கு என்னவோ அவங்க சொல்றதுதான் சரின்னு படுது. ரோலர்ல அரைச்சு வந்த கொழுந்த பரப்பி வைக்கும்போது பச்சையாத்தான் இருக்கும், காத்து பட பட அந்தப் பச்சை வாடை போயி பழ வாசம் மாதிரி ஒண்ணு கெளம்பும், கலரும் மாறி புது செப்புக்காசு மாதிரி ஆயிரும், அந்த நேரம் பாத்து டீமேக்கர் ஒரு கை அள்ளி மோந்து பாத்துட்டு டிரையருக்கு அனுப்பச் சொல்லுவாரு. டிரையர்ல போயி வந்தாத்தான் கறுப்பு. அதே தூள்ல சுடுதண்ணி ஊத்தினா மறுபடி சிவப்பு எறங்குது. இங்கிலீஷ்காரன் தூளப் பாத்து பேரு வச்சான், சீனாக்காரன் கோப்பையப் பாத்து வச்சான், அவ்ளோதான். சீனாவுல போயி கறுப்பு டீ குடுங்கன்னு கேட்டா வேற ஒண்ணத்தான் குடுப்பாங்க, பூ-அர் மாதிரி அமுக்கி கட்டியாக்கி நாள்பட வச்சு எடுக்கறது, அதுக்குத்தான் அங்க கறுப்புன்னு பேரு.

சரி எழுத்துக்கு வாறேன். ஹோங் எழுத்துக்கு ரெண்டு பாதி. இடது பக்கம் பட்டு நூல். வலது பக்கம் மேல ஒரு கோடு, கீழ ஒரு கோடு, நடுவுல ரெண்டையும் சேத்து நிமிந்து ஒரு கோடு, அது தனியா நின்னா குங், வேலைன்னு அர்த்தம், ஆனா இங்க வேலைக்கும் சிவப்புக்கும் சம்பந்தமே இல்ல, ஓசைக்காக மட்டும் வந்து ஒட்டிக்கிட்டு நிக்குது. சீன எழுத்துல முக்காவாசி இந்த மாதிரி தான், ஒரு பக்கம் அர்த்தம் ஒரு பக்கம் சத்தம். பழைய முறையில ஒம்போது கோடு போடணும், 1950கள்ல எழுத்துகள சுருக்கினப்ப நூல் பக்கத்த மூணு கோடாக்கிட்டாங்க, இப்ப மொத்தமே ஆறுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா ஆதியில ஹோங் சிவப்பே இல்ல, ரோஸ் கலர். கி.பி. 100 வாக்குல சூ ஷென்னு ஒருத்தர் தொகுத்த அகராதியில, செம்மையும் வெள்ளையும் கலந்த பட்டுத்துணின்னு தான் போட்டிருக்கு. கன்பூசியஸ் கூட ஹோங்கையும் ஊதாவையும் வீட்டுல போடற உடுப்புக்கு வைக்க மாட்டாருன்னு அவரு பேச்சு தொகுப்புல வருது, கலப்புக் கலருன்னு கொஞ்சம் மட்டமா நெனச்சிருக்காங்க போல. சாயம் போட்ட துணிக்கு மட்டும் இருந்த சொல்லு பொறகு எல்லா சிவப்புக்கும் வந்திருச்சு.

அதுக்கு முந்தி சிவப்புன்னா ச்சி. (கேட்டா நம்மள திட்டற மாதிரி இருக்கும்.) மூவாயிரம் வருசத்துக்கு முந்தி ஆமை ஓட்டுலயும் மாட்டு எலும்புலயும் கீறி வச்ச எழுத்துலயே அது இருக்கு, மேல கையக் கால விரிச்சு நிக்கற மனுசன், கீழ நெருப்பு. மனுசன்னு மட்டும் இல்ல, அந்த வடிவத்துக்கு பெருசுன்னும் அர்த்தம், அதனால பெரிய நெருப்போட நெறம்னு சொல்றவங்க தான் அதிகம். எனக்கு இந்த எழுத்துதான் ரொம்பப் புடிச்சது. ஏன்னா ச்சிக்கு வெறுமைன்னும் ஒரு அர்த்தம் உண்டு, வெறுங்காலுக்கு ச்சி போட்டுத்தான் எழுதணும், பொறந்த புள்ளைக்கும் ச்சி, கணக்குல துண்டு விழுந்தா அதுக்கும் ச்சி, நம்ம நாட்டுக்கு கீழால போற பூமத்திய ரேகைக்கும் சிவப்பு வழின்னு தான் பேரு. இதுபோக மன்னருங்க மனுவுல குறிப்பு எழுதற சிந்தூர மைக்கு ஜூன்னு தனியா ஒரு எழுத்து இருக்கு, அதுக்குள்ள போனா முடியாது.

ஹோங் இப்ப நல்லா இருக்கறதுக்கெல்லாம் வந்திருச்சு. கல்யாணப் பொண்ணு உடுப்பு சிவப்பு, நம்ம கூறை மாதிரியே. வருசப் பொறப்புக்கு புள்ளைங்களுக்கு காசு வச்சுக் குடுக்கற கவர் ஹோங்பாவ். நெட்டுல பேமஸ் ஆனவங்க வாங்ஹோங். சீன ஷேர் மார்க்கெட்டுல விலை ஏறினா சிவப்பு, எறங்கினாத்தான் பச்சை, நம்மாளு பாத்தா நெஞ்சப் புடிச்சுக்குவான். கண்ணு சிவந்துருச்சுன்னு சொன்னா பொறாமை, நமக்கு அது கோவம்.

ஆனா சிவப்பு மையில ஆளு பேர எழுதறது மட்டும் ஆகவே ஆகாது, சாவோட சேத்துப் பாப்பாங்க. எங்க ஆபீஸ்ல விசிட்டர் புக்கோட எப்பவும் ஒரு சிவப்பு பேனாதான் கட்டிக் கெடக்கும், சீனாவுல இருந்து டீ வாங்கறவங்க வந்தா மொதல்ல அதக் கழட்டிட்டு நீலம் வைக்கணும்னு கிளாக்கர் அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன், அவரு அந்தப் பேனாவுல தான் மை இருக்குங்கறாரு.