ஒரு சொல்லுக்கு ஒரு வாரத் தடை

ஹட்டனுக்கு அருகே ஒரு பாடசாலையில் கற்பிக்கும் நான், சில ஆண்டுகளாக இரவு நேரங்களில் தமிழ் விக்கிப்பீடியாவின் ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைப் பார்த்து விசமத் தொகுப்புகளை, அதாவது கட்டுரைகளைக் கெடுக்கும் மாற்றங்களை, களைந்து வருகிறேன். சம்பளமில்லாத வேலை என்றாலும் அதிகாரம் உள்ள வேலை. பிறரைத் தடைசெய்யவும் முடிகிற நிருவாகிப் பொறுப்பைப் பெற்றபோது அந்த அதிகாரத்தைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

விசமம் என்று நாங்கள் குறித்துவைப்பவற்றில் பெரும்பகுதி உண்மையில் விசமமல்ல. 2003இல் தொடங்கிய இந்தக் கலைக்களஞ்சியத்தை எவரும் தொகுக்கலாம் என்பதை நம்ப முடியாத ஒரு மாணவன், தன் பாடசாலைக் கட்டுரையில் தோழனின் பெயரை ‘அதிபர்’ என்று எழுதிச் சேமித்துப் பார்க்கிறான். அதை நீக்கிவிட்டு, எழுதிப் பழக மணல்தொட்டி இருக்கிறது என்று அவனுடைய பேச்சுப் பக்கத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். என்னைக் கவலைப்படுத்துகிறவர், ஒருவருடைய பிறந்த ஆண்டில் ஓர் இலக்கத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போகிறவர்தான். கெட்ட வார்த்தை எவர் கண்ணிலும் உடனே படும். மாறிய இலக்கமோ எவர் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

2023இல், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் நடந்த காலத்தில், புகுபதிகை செய்யாத ஒருவர் கட்டுரைக்குக் கட்டுரை சென்று ‘இந்தியத் தமிழர்’ என்பதை ‘மலையகத் தமிழர்’ என்று மாற்றிக்கொண்டே போனார். மாற்றத்துக்குக் காரணம் சொல்லும் தொகுப்புச் சுருக்கம் ஒன்றையும் அவர் எழுதவில்லை. 1939இல் உருவான இலங்கை இந்தியக் காங்கிரஸ் அவர் கையில் ‘இலங்கை மலையகக் காங்கிரஸ்’ ஆகியிருந்ததைக் கண்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. முன்னிலையாக்கல் கருவி, காரணம் எழுதாமலே ஒருவரின் தொடர் தொகுப்புகளை ஒரே சொடுக்கில் நீக்கிவிடும் என்பதால் ஐயத்திற்கிடமில்லாத விசமத்துக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தவேண்டும் என்பது எங்கள் நடைமுறை. அதை நான் அறிந்தே மீறினேன். அவருடைய இணைய (ஐ.பி.) முகவரி மாறி மாறி வந்ததால், அந்தக் கைப்பேசி வலையமைப்பின் முகவரித் தொகுதி முழுவதையும் ஒரு வாரத்துக்குத் தடைசெய்துவிட்டு உறங்கச் சென்றேன்.

மறுநாள் இடைவேளையில், மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் பற்றிய கட்டுரையில் ஒரு பிழையைத் திருத்த முயன்ற சக ஆசிரியை தன் கைப்பேசியை என் முன் நீட்டினார். “ஒங்க பேருதான் போட்டிருக்கு சேர். என்னைய எதுக்குத் தடுத்தீங்க?” தடை அறிவிப்பில் காரணம் ‘விசமத் தொகுப்பு’ என்றிருந்தது. வலையமைப்பு ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதால், என் தடை எங்கள் ஓய்வறை வரை வந்திருந்தது.

அன்றிரவு, சொல்லை மாற்றியவரின் முகவரிக்குரிய பேச்சுப் பக்கத்தைத் திறந்தேன். தடைசெய்யப்பட்டவருக்கும் வழக்கமாகத் திறந்திருக்கும் ஒரே இடம் அது. அங்கே அவர், “எங்களுக்கு இந்தியர் என்று பெயர் வைத்தது நாங்களா?” என்று ஒரே ஒரு வரியைக் கேட்டிருந்தார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, எங்கள் மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வரும் என்னிடம் அந்தக் கேள்விக்கு விடை இருந்தது. ஆனால் நீக்கும்போது நான் அவருடைய தொகுப்புகளைப் படிக்கவே இல்லை, எத்தனை என்று எண்ணத்தான் செய்தேன்.

தடையை நீக்கி, மன்னிப்பும் கேட்டுவிட்டு, நீக்கிய தொகுப்புகளை வரலாற்றுப் பக்கங்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். விக்கியில் எதுவும் தொலைந்துபோவதில்லை என்பது அவசரக்காரருக்கு ஒரு பேருதவி. இன்றைய மக்களைப் பற்றிப் பேசும் இடங்களில் அவர் செய்த மாற்றமே பொருத்தமாக இருந்தது, அவற்றை மீட்டேன். 1911 கணக்கெடுப்பு அவர்களைத் தனிப் பிரிவாகக் காட்டிய அட்டவணையிலும், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின் பெயரிலும் பழைய சொல்லே நிற்கவேண்டும், ஏனெனில் அந்தச் சொல்லால்தான் அரசு அவர்களைப் பிரித்துவைத்தது, அதை மாற்றினால் அந்தச் செயலும் மறைந்துவிடும் என்று அவருக்கு விளக்கி எழுதினேன். அவர் அதை முழுதாக ஏற்கவில்லை. அட்டவணையின் கீழ் ஓர் அடிக்குறிப்பு வேண்டும் என்றார். எழுதச் சொன்னேன், எழுதினார், இரண்டு எழுத்துப்பிழைகளோடு.

இப்போது ஒரு தொகுப்பை நீக்குவதில் நான் வேகம் குறைக்கவில்லை, ஏனெனில் தவறான தகவலை வாசகர் ஒரு நிமிடம்கூடப் படிக்கக்கூடாது. ஆனால் ஒருவரைத் தடைசெய்யுமுன் அவருடைய தொகுப்புகளில் ஐந்தையாவது முழுதாகப் படிக்கிறேன். முகவரித் தொகுதியைத் தடுக்க நேர்ந்தால் நாள்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் தடுக்கிறேன். இதனால் சில குறும்பர்கள் கூடுதலாக ஒரு மணிநேரம் ஆட்டம் போடுகிறார்கள் என்று சக நிருவாகி ஒருவர் குறைப்பட்டுக்கொள்கிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு.

தடைப் பதிவேட்டில் நான் விதித்த தடையும், ‘என் தவறு’ என்று காரணம் எழுதி நான் அதை நீக்கியதும் இன்றும் அடுத்தடுத்த வரிகளாக இருக்கின்றன.