பி2 சிப்பாய்

போன ஞாயிறு பதுளையில் ஒரு செஸ் போட்டி. மூன்றாம் சுற்றில் எனக்கு எதிரே பன்னிரண்டு வயதுப் பையன். வெள்ளைக் காய் அவனுக்கு. லண்டன் முறை என்ற தொடக்கத்தில் மந்திரியை (பிஷப்) எஃப்4 கட்டத்துக்குக் கொண்டுவந்தான். நான் சிப்பாயை சி5க்குத் தள்ளி, ராணியை பி6இல் வைத்தேன். அவன் பி2 சிப்பாயைக் கவனிக்காமல் குதிரையை சி3க்கு எடுத்தான். சரி, சின்னப் பிள்ளை, மறந்துவிட்டான் என்று நினைத்து ராணியால் சிப்பாயை வெட்டினேன்.

குதிரை உடனே பி5க்குப் பாய்ந்தது. அதை விரட்ட நான் ஏ6 தள்ளினேன். இதுதான் பெரிய கூத்து. விரட்டுவதற்கு முன் அது எங்கே போகும் என்று பார்க்கவே இல்லை. சி7இல் செக்; மூலையில் யானையும் போச்சு. ராஜா இரண்டு கட்டம் தள்ளி இருந்ததால் அதனாலும் குதிரையை வெட்ட முடியவில்லை. என் குதிரையை ஏ6இல் வைத்திருந்தால் சி7க்காவது காவல் இருந்திருக்கும்.

ஆட்டம் முடிந்ததும், "சேர், அந்தச் சிப்பாயை நான் மறக்கேல்ல" என்றான்.

திரும்பும்போது பட்டிப்பொல வரை ரயிலில் மனதுக்குள் அமெரிக்க செஸ் மேதை பாபி ஃபிஷரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். 1972இல் ரெய்க்யாவிக்கில் உலக சாம்பியன் ஸ்பாஸ்கியுடன் பட்டத்துக்காக மோதியபோது, முதல் ஆட்டத்தில் மந்திரியால் எச்2 சிப்பாயை வெட்டினார்; ஜி3 வந்து வழியை அடைத்தது. பதினோராம் ஆட்டத்தில் நஜ்டார்ஃப் என்ற தொடக்கத்தில் அதே பி2 சிப்பாயை வெட்டி, ராணியே சிக்கியது. ஆனால் ஏழாம் ஆட்டத்தில் அதைத் தின்றும் டிரா செய்தார். அவர் கணக்குப் போட்டுத் தின்றார், நான் பசியில் தின்றேன்.

ஹட்டனில் இறங்கும்போது நல்ல மழை. குடையை மண்டபத்திலேயே விட்டிருந்தேன்.