இரத்த அழுத்தத்துக்குப் பின்னால் இருந்த இன்சுலின்

இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைத்து மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொண்டால் போதும் என்று நான்கு ஆண்டுகள் நம்பியிருந்தேன். ஒரு மாத்திரை மூன்றான பிறகும் அழுத்தம் 150க்குக் கீழே இறங்காததால், 45ஆம் வயதில் வேறொரு மருத்துவரிடம் சென்றேன். அவர் என் கைக்கு ஏற்ற அகலமான பட்டையைத் தேடி எடுத்துக் கட்டினார். பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அப்படியும் 152/96 இருந்தது. பிறகு டேப்பால் இடுப்பை அளந்தார்: 106 செ.மீ. நம் நாட்டு ஆண்களுக்கு அது 90ஐத் தாண்டக் கூடாது. வீட்டில் பயத்தம் மாவு தேய்த்தும் போகாத என் பின்கழுத்துக் கருமையைப் பார்த்துவிட்டு, அது இன்சுலின் கோளாறின் அடையாளமாக இருக்கலாம் என்று, வெறும் வயிற்றில் சர்க்கரையோடு இன்சுலினையும் சோதிக்கச் சொன்னார். முன்னைய நான்கு ஆண்டுகளில் ஒருவரேனும் டேப்பை எடுத்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

சர்க்கரை 108, இன்சுலின் 21. இரண்டையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் 5.6, இரண்டரையைத் தாண்டினாலே இன்சுலின் எதிர்ப்பு இருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும் என்றார். சர்க்கரை நோய் வரவில்லையே என்று நான் ஆறுதலடைந்தபோது அவர் பொறுமையாக விளக்கினார். தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரிவர இணங்காததால் கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. சிறுநீரகமோ அதற்கு இணங்குவதை நிறுத்தாமல் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரத்தக்குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கச் செய்து குழாயைத் தளர்த்துவதும் இன்சுலினின் வேலைதான். அந்த வழி மங்கிப்போக, குழாயைச் சுருக்கும் எண்டோதீலினுக்கான வழி மட்டும் திறந்தே இருக்கிறது. இன்சுலின் எதிர்ப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஒரே முடிச்சில் வைத்து அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஜெரால்ட் ரீவன் பேசியது 1988இல்.

அழுத்தம் இரத்தக்குழாயைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்க எடுத்த கழுத்துத் தமனி ஸ்கேனில், திரையில் தமனியின் சுவர் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது. அவற்றின் இடைவெளியை அளந்தார்கள்: 1 மி.மீ. 0.9ஐத் தாண்டினால் தடிப்பு. இரத்தப் பரிசோதனை எண்களைவிட அந்தக் கோடுகளே அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

இரவுப் பரோட்டாவை நிறுத்தினேன். மதியச் சோற்றை ஒரு கப்பாகக் குறைத்தேன். நாள்தோறும் 45 நிமிடம் நடந்ததோடு, வாரம் இருமுறை எடை தூக்கினேன். வேலை செய்யும் தசை இன்சுலினின் உதவியை எதிர்பாராமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால், இந்தக் கடைசிப் பழக்கத்தை மிக முக்கியமாகக் கருதுகிறேன். மாத்திரைகளில் செய்த மாற்றங்களை இங்கே எழுதவில்லை. அவை அவரவர் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

பத்து மாதங்களில் எடை 96 கிலோவிலிருந்து 86 ஆனது, இடுப்பு 97 செ.மீ. ஆனது. சர்க்கரை 95, இன்சுலின் 12, கணக்கு 2.8. அழுத்தம் 130/82. கழுத்துக் கருமை வெளிறியிருக்கிறது. தமனிச் சுவர் மட்டும் அதே 1 மி.மீ. அது அவ்வளவு விரைவில் மெலியாது, கூடாமல் இருப்பதே நல்ல செய்தி என்றார் மருத்துவர். அடுத்த ஸ்கேன் ஓராண்டு கழித்து.