ஒற்றைக் கையில் வந்த பெஞ்ச் வைஸ்

டெலிவரிக்கு வந்த தம்பி பெட்டியை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்து ஓடிபி கேட்டார். நானும் சொன்னேன். இரும்பை இறுக்கிப் பிடிக்கும் 6 அங்குல பெஞ்ச் வைஸை ஒரு ஆள் தேங்காய் மூட்டைபோல்கூட இல்லை, தேங்காய்போலவே தூக்கி வருகிறாரே என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மாட்டுக் கொட்டகை ஒன்று நாலு வருஷமாகச் சும்மா கிடந்தது. போன தை மாதம் அதைக் கூட்டிக் கழுவி, சின்னப் பட்டறையாக மாற்றலாம் என்று இறங்கினேன். கேட்டுக்குக் கொண்டி போடுவது, பம்ப் மோட்டாருக்கு பிராக்கெட் செய்வது, அவ்வளவுதான் என் ஆசை. ஊர்க் கடைகளில் ஸ்பேனரும் கட்டிங் பிளேடும் கிடைக்கும். துல்லியமாக அளக்கும் வெர்னியர் கேட்டால் “பையனுக்கு ஸ்கூல்ல கேட்டாங்களா?” என்பார்கள். திருச்சிக்குப் போனால் எல்லாம் உண்டு, ஆனால் ஒரு நாள் பிழைப்பு போய்விடும். அதனால் போனிலேயே வாங்கத் தொடங்கினேன்.

முதல் பலி அந்த வைஸ். விலை 1,450 ரூபாய். படத்தில் யானைக்கால் மாதிரி நின்றது. வந்ததை அளந்து பார்த்தால் ஜாவின், அதாவது கவ்வும் தாடையின், அகலம் 4 அங்குலம்கூட முழுதாக இல்லை. வைஸின் அளவு என்றால் ஜாவின் அகலம்தான். இவர்கள் போட்ட 6, வாயை முழுக்கத் திறந்தால் வரும் அளவு. தெரு முனை அரிசிக் கடைத் தராசில் வைத்தேன்: 5 கிலோ 800 கிராம். பச்சை பெயின்டை ஆணியால் சுரண்டினால் கீழே பட்டி. வார்ப்பில் இருந்த குழிகளைப் பூசி மறைத்திருக்கிறார்கள். ஜாவின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு காகிதத் துண்டை வைத்து இறுக்கிப் பார்த்தேன். இடது பக்கத் துண்டு கிழியும் அளவுக்குப் பிடித்தது, வலது பக்கத் துண்டு இழுத்தவுடன் வந்துவிட்டது. இரண்டு ஜாவும் இணையாக இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

திருப்பி அனுப்புவதுதான் பெரிய கூத்து. ஆவலில் நான் பெட்டியைத் தாறுமாறாகக் கிழித்திருந்தேன். எடுத்துப்போக வந்தவர், “ஒரிஜினல் பேக்கிங் இல்லாம எடுக்க மாட்டோம் சார்” என்று போய்விட்டார். வேறு பெட்டியில் கட்டி வைத்தேன். அடுத்த முறை யாரும் வரவே இல்லை, ‘வாடிக்கையாளர் ரத்து செய்தார்’ என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது. ஏழு நாள் கெடு முடிந்தது. வெறுத்துப்போய் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் பதிந்தேன். பில், படங்கள், அந்தக் குறுஞ்செய்தி எல்லாவற்றையும் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து விற்றவரிடமிருந்து பாதிப் பணம் திரும்பி வந்தது. போராடியிருந்தால் மீதியும் வந்திருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை. வைஸை வைத்துக்கொண்டேன், சைக்கிள் பெடலைக் கழற்ற உதவுகிறது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி லேத் வைத்திருக்கும் அண்ணனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். நெல் அறுக்கும் மெஷின், டிராக்டர், பம்ப் ஷாஃப்ட் என்று முப்பது வருஷமாக இரும்போடு இருப்பவர்.

“எடை எவ்வளவுன்னு போட்டிருந்தானா தம்பி?”

“போடலண்ணே.”

“அப்புறம் என்னத்தப் பாத்து வாங்குன? நல்ல ஆறு இன்ச்சுன்னா இருபது கிலோ பக்கம் வரும்ல?”

அதற்குப் பிறகு எந்தப் பொருளைப் பார்த்தாலும் விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, என்ன எழுதவில்லை என்று தேட ஆரம்பித்தேன். ‘ஹெவி டியூட்டி’, ‘புரொஃபஷனல்’ எல்லாம் இருக்கும். எடை இருக்காது, என்ன இரும்பு என்பது இருக்காது. வாங்கியவர்களின் கருத்துகளும் அப்படித்தான். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களில் பாதிப்பேர் பெட்டியைப் பிரித்த கையோடு எழுதியவர்கள், ‘டெலிவரி சூப்பர்’ என்பதோடு சரி. ஒரே பக்கத்தில் 3, 4, 6 அங்குல வைஸ்களை விற்றால் எல்லாக் கருத்தும் ஒன்றாகக் கலந்து கிடக்கும், எது எதற்கு என்றே தெரியாது. நான் இப்போது மூன்று நட்சத்திரக்காரர்களை, அதிலும் படம் போட்டவர்களை மட்டும் படிக்கிறேன்.

வெர்னியரில் ஒரு தடவை ஏமாந்து, இன்னொரு தடவை தேறினேன். முதலில் வாங்கியது 380 ரூபாய் டிஜிட்டல். கார்பன் ஃபைபர் என்று போட்டிருந்தது, கையில் எடுத்தால் பிளாஸ்டிக். திரையில் 0.01 மி.மீ. வரை காட்டும். காட்டுவது வேறு, சரியாக இருப்பது வேறு என்று அண்ணன்தான் புரியவைத்தார். அவரது பெட்டியிலிருந்து ஒரு புது 6202 பேரிங்கை எடுத்துக் கொடுத்தார். பல சீலிங் ஃபேன்களில் போடும் அதே பேரிங்தான். உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. நல்ல கம்பெனி பேரிங்கில் வெளிவிட்டம் 0.01 பக்கம்தான் விலகும். அளவுக் கருவியைச் சரிபார்க்கும் கேஜ் பிளாக் வாங்க வக்கில்லாதவனுக்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது. (அகலத்தை நம்ப வேண்டாம், அதில் 0.1 மி.மீ. வரைகூடக் குறைய விடுவார்கள்.)

என் பிளாஸ்டிக் வெர்னியரில் அந்த 35-ஐப் பத்து முறை அளந்தேன். மெதுவாகப் பிடித்தால் 35.06, கொஞ்சம் அழுத்தினால் 34.88. ஜா வளைகிறது. மூடித் திறந்து மூடினால் பூஜ்யமும் பழைய இடத்துக்கு வரவில்லை. இந்த முறை பெட்டி பத்திரமாக இருந்தது, பிரிக்கும்போதே வீடியோவும் எடுத்திருந்தேன். மூன்றே நாளில் பணம் வந்தது. அடுத்து 1,350 ரூபாய்க்கு எஃகில் ஒன்று வாங்கினேன். பத்து முறையும் 34.99-க்கும் 35.01-க்கும் நடுவிலேயே நின்றது. ஜாவை மூடி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கீற்று வெளிச்சம்கூடத் தெரியவில்லை. ஒரே குறை, அணைத்து வைத்தாலும் பட்டன் பேட்டரியைக் குடித்துவிடுகிறது. அதனால் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுகிறேன்.

டிரில் பிட்டைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம். தங்க நிறத்தில் 13 பிட், 1.5 முதல் 6.5 மி.மீ. வரை, ‘டைட்டானியம்’ என்று விற்கிறார்கள். டைட்டானியம் நைட்ரைடு பூச்சு உண்மையிலேயே தங்க நிறம்தான், பிட்டின் ஆயுளைக் கூட்டும். ஆனால் பூச்சுக்கு உள்ளே இருக்கும் எஃகுதான் விஷயம். ஹைஸ்பீட் ஸ்டீல் என்றால் சூடானாலும் கூர் தாங்கும். சாதாரண கார்பன் ஸ்டீல் தாங்காது. நான் வாங்கிய செட்டில் 5 மி.மீ. பிட் ஒரு இரும்புப் பட்டையில் இரண்டாவது ஓட்டை முடிவதற்குள் நுனி நீலமாகி மழுங்கிவிட்டது. அண்ணன் அதன் தண்டை அரத்தால் ஒரு இழு இழுத்தார், வெண்ணெய்போல் தேய்ந்தது. தண்டு சில நல்ல பிட்களிலும் மிருதுவாக இருக்கும் என்று அவரே சொல்லிவிட்டு, வெட்டும் பகுதியை கிரைண்டரில் பிடித்தார். வெள்ளையாக, கிளை கிளையாக, கம்பி மத்தாப்பு மாதிரி வெடித்தது. பிறகு தன்னுடைய பழைய அடிசன் கம்பெனி பிட்டைப் பிடித்தார். மங்கலான சிவப்பில் கொஞ்சம் பொறி, அவ்வளவே. முன்னது கார்பன் ஸ்டீல், பின்னது ஹைஸ்பீட் ஸ்டீல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு தடவை பார்த்தால் ஜென்மத்துக்கும் மறக்காது.

இப்போது செட்டாக வாங்குவதில்லை. 3, 4, 5, 6 என்று தேவையான அளவில் இரண்டிரண்டு. கோபால்ட் பிட் என்றால் எம்35 அல்லது எம்42 என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பேன். முன்னதில் 5 சதவீதமும் பின்னதில் 8 சதவீதமும் கோபால்ட் இருக்கும். வெறுமனே ‘கோபால்ட்’ என்றால் தாண்டிப் போய்விடுவேன். வந்ததும் கண்ணாடி மேல் உருட்டினால் வளைந்த பிட் தானாகத் துள்ளிக் காட்டிக்கொடுக்கும்.

செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்துக்குச் சோதனை சுலபம். பலகையின் நேரான ஓரத்தில் வைத்து ஒரு கோடு, திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு. 150 மி.மீ. உயரத்தில் என் கோடுகளுக்கு நடுவே 1 மி.மீ. இடைவெளி. அப்படியானால் மட்டத்தின் பிழை அரை மி.மீ. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கட்டிங் டிஸ்க்கை ஆன்லைனில் மலிவாகப் பார்த்து யாரும் மொத்தமாக வாங்க வேண்டாம். நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி அடித்திருக்கும், தயாரித்து மூன்று வருஷம்தான் கணக்கு. எனக்கு வந்த 25 டிஸ்க்கில் தேதி முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. நிமிஷத்துக்கு 11,000 சுற்று சுற்றும் கிரைண்டரில், முகத்துக்கு ஒரு முழ தூரத்தில், அதை ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவது வைஸுக்கு ஒன்றரை மாதம் காத்திருந்தேன். எடை 10 கிலோ, 4 அங்குல ஜா, எஸ்ஜி அயர்ன் (எளிதில் உடையாத வார்ப்பிரும்பு வகை) என்று தெளிவாகப் போட்டிருந்த ஒன்று 4,200 ரூபாய்க்கு வந்தது. விலையை எடையால் வகுத்தால் கிலோ 420. பழையது கிலோ 250. டெலிவரி தம்பி வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கினார், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அண்ணன் வந்து சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மணிபோல் ஒலித்தது. சாதாரண வார்ப்பிரும்பு என்றால் ‘டொக்’ என்று செத்த சத்தம்தான் வரும். பழையதையும் தட்டிக் காட்டச் சொன்னேன். தட்டினார், எதுவும் சொல்லவில்லை, சிரித்தார்.

இனி பாக்கி பெஞ்ச் டிரில்லிங் மெஷின். அதை ஆன்லைனில் வாங்கப்போவதில்லை. ஸ்பிண்டில், அதாவது பிட்டைச் சுற்றும் தண்டு, ஆடுகிறதா என்று, நுண்ணிய ஆட்டத்தையும் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்க முடியாது, சரியில்லை என்றால் அந்தக் கனத்தைத் திருப்பிக் கட்டி அனுப்பவும் என்னால் ஆகாது. வருகிற வெள்ளிக்கிழமை அண்ணன் லேத்துக்கு லீவு விடுகிறார். டயல் கேஜை எடுத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் இருவரும் திருச்சி போகிறோம்.