"எங்கை எடுத்தனீங்கள்?" – ஓர் அறுவடைக்கால நாட்குறிப்பு

பெப்ரவரி 10, 2025, திங்கள்

நேற்று முழு நாட்டுக்கும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்குதான் காரணமாம். முல்லைத்தீவு மாவட்டத்தின் முத்தையன்கட்டில் மின்சாரம் போவது புதினமில்லை. அதனால் ஊர் முழுக்கக் குரங்குக் கதைதான். இன்று காலை வேலைக்கு வெளிக்கிடும்போது வந்த அழைப்பும் காட்டுச் சீவனைப் பற்றியதாகவே இருந்தது.

"மிஸ், வயலுக்குள்ள சிறுத்தைக் குட்டி மூண்டு. வெட்டு மெசினுக்கு முன்னால கிடந்தது."

நான் கால்நடைப் பணிமனையில் வேலை செய்பவள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும்தான் எனக்குச் சம்பளம். வனசீவராசிகள் திணைக்களம் வேறு, நாங்கள் வேறு என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நாலு கால் இருந்தால் அது என்னுடைய வேலை என்பது ஊரின் முடிவு.

போய்ப் பார்த்தால் மெசின் ஓட்டுகிற தம்பியின் சாப்பாட்டுப் பைக்குள் மூன்று குட்டிகள். கண் திறந்திருந்தது. மண் நிறம், அதில் மங்கலாகக் கோடுகள், கட்டையான வால், அதன் நுனிப்பக்கம் கறுப்பு வளையங்கள். காட்டுப்பூனை. சிறுத்தைக் குட்டிக்கு உடம்பு முழுக்கப் புள்ளி இருக்கும், பாதம் தடித்திருக்கும், வாலும் நீளம். இதைச் சொன்ன பிறகுதான் வரம்பில் நின்ற இரண்டு பேர் கையிலிருந்த பொல்லைக் கீழே போட்டார்கள். சிறுத்தை என்ற பேச்சு வந்தால் இந்தப் பக்கம் யாரும் நிதானமாக நிற்பதில்லை. 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒன்றை அடித்தே கொன்றார்கள். அந்தக் காணொளி பரவியதும், பிறகு ஆட்கள் கைதானதும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

"என்ன பால் குடுக்கிறது மிஸ்?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் முதல் கேள்வி பாலைப் பற்றித்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எங்கை எடுத்தனீங்கள்?

நல்ல காலம், தம்பி எடுத்த இடத்தை மறக்கவில்லை. காட்டுப் பக்கத்து மூலையில், வரம்போடு சேர்ந்த இடம். தாய் மெசின் சத்தத்துக்கு ஓடியிருக்கும், செத்திருக்காது. பொழுது பட்டு ஆள் நடமாட்டம் நின்றால் குட்டியைத் தேடி வரும். ஆனால் அது தேடி வரும் இடத்தில் குட்டி இருக்க வேண்டும், என் பணிமனையிலோ யாருடைய வீட்டிலோ அல்ல.

வயல்கார ஐயாவிடம் அந்த மூலையில் ஒரு துண்டை மட்டும் நாளைக்கு விட்டுவிடச் சொன்னேன். "நெல்லு கொட்டுண்டுபோகும் பிள்ளை" என்றார். ஒரு பாயளவு இடம்தான் என்று காட்டினேன். தலையைச் சொறிந்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

மாலை வரை குட்டிகளை ஒரு கடதாசிப் பெட்டியில் வைக்கோல் போட்டு நிழலில் வைத்தோம். சோடாப் போத்தலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, சாரத் துண்டில் சுற்றி ஒரு பக்கமாக வைத்தேன். சூடு கூடினால் குட்டி மறுபக்கம் நகர இடம் வேண்டும். பால் கொடுக்கவில்லை. வயல்கார ஐயாவின் பேரன் அங்கர் பால்மாவைக் கரைத்துக்கொண்டு வந்து நின்றான், பாவம். பூனைக்குட்டிக்குப் பசுப்பாலில் உள்ள சீனி செமிக்காது, கழியத் தொடங்கும். அந்தக் கழிச்சல்தான் குட்டியைக் கொல்லும். ஒரு பொழுது பால் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அதைவிட மோசம், உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பால் பருக்குவது. முதலில் சூடு, பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆறு மணியளவில் பெட்டியை அதே இடத்தில் வைத்தோம். ஒரு பக்கத்தை வெட்டிப் பதித்துவிட்டேன், தாய் கவ்வி எடுக்க வசதியாக. நாய்களைக் கட்டி வைக்கும்படி மூன்று வீட்டுக்கும் சொல்லியாயிற்று. டோர்ச் அடிக்கக் கூடாது, கைப்பேசியோடு போய் எட்டிப் பார்க்கக் கூடாது. இதற்குத்தான் கூட எதிர்ப்பு வந்தது.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வீட்டில் புதிர்ப் பொங்கல். அதற்கு முன்பே வயலுக்குப் போய்விட்டேன்.

இரண்டு குட்டிகளைக் காணவில்லை, ஒன்று மட்டும் பெட்டியில். "நரி கொண்டுபோட்டுது" என்றார் ஐயா. வரம்புச் சேற்றைப் பார்த்தேன். வட்டமான சின்னத் தடங்கள், நகக் குறி இல்லை. நாயோ நரியோ நடந்தால் நகம் பதியும், பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். வைக்கோல் கலையவில்லை, இரத்தம் இல்லை. வாயில் ஒன்றொன்றாகத்தான் தூக்க முடியும் என்பதால் தாய்க்குப் பல நடை. முடிப்பதற்குள் விடிந்திருக்கும்.

மிஞ்சியதை எடுத்து வளர்க்கலாம் என்று பேரன் ஆசைப்பட்டான். விடவில்லை. பகல் முழுக்கச் சூடாக வைத்து, மாலையில் திரும்ப அதே மூலை.

பெப்ரவரி 12, புதன்

பெட்டி வெறுமை. ஐயா மிச்ச நெல்லை அரிவாளால் அரிந்துகொண்டு நின்றார்.

பெப்ரவரி 17, திங்கள்

ஓர் உரப்பை. பைக்குள் புள்ளிமான் குட்டி, தலை மட்டும் வெளியே. மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் இரண்டு இளைஞர்கள். குளக்கட்டுக்குக் கீழே புல்லுக்குள் தனியாகக் கிடந்ததாம். "கிட்டப் போயும் ஓடேல்ல மிஸ். தாய் விட்டிட்டுப் போட்டுது."

ஓடாமல் கிடப்பதுதான் அந்தக் குட்டியின் வேலை. பிறந்த முதல் நாட்களில் மான் தன் குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டு மேயப் போய்விடும். தாய் பக்கத்திலேயே நின்றால் சிறுத்தைக்கும் நரிக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தது மாதிரி. பால் கொடுக்க மட்டும் வந்து போகும். மனிதன் நிற்கும்வரை வராது. "நாங்கள் அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள், வரேல்ல" என்றால் வராமல் இருந்ததற்குக் காரணமே அந்த அரை மணித்தியாலம்தான்.

குட்டியைப் பார்த்தேன். காயமில்லை, ஈ மொய்க்கவில்லை, வயிறு ஒட்டவில்லை. ஓயாமல் கத்திக்கொண்டு அலைந்தாலோ, புண்ணில் புழு இருந்தாலோ, வாய் காய்ந்து கண் குழிந்திருந்தாலோ அது வேறு கதை. இதற்கு ஒன்றுமில்லை.

"மனிச வாடை பட்டால் தாய் சேர்க்காதே" என்றார் பணிமனைக்கு ஆட்டுக்கு மருந்து வாங்க வந்த அம்மா ஒருவர். என் அப்பம்மாவும் அப்படித்தான் சொல்லுவார். பெற்ற குட்டியை அதற்காக மான் கைவிடாது. அதற்காகத் தடவிக் கொஞ்சலாம் என்று அர்த்தமும் இல்லை.

இளைஞர்களில் ஒருவருக்கு உடனே காட்டுக்குள் இறங்கித் தாயைத் தேடவேண்டும் என்று வேகம். அதை மறித்தேன். எங்கள் மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்டிருக்கும் இடம்தான் தெரியும், பலகை இல்லாத எல்லா இடமும் துப்புரவான இடம் என்று யாரும் சொல்லவில்லை. தாயை நாங்கள் தேடத் தேவையில்லை, அது தேடும்.

அவர்களே கொண்டுபோய் அதே புல்லுக்குள் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தார்களாம். திரும்பிப் பார்த்திருப்பார்கள், சரி. அடுத்த நாள் காலை குட்டி அங்கே இல்லை என்று செய்தி வந்தது.

(கரடிக்குட்டி, யானைக்குட்டி என்றால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். தாய் கூப்பிடு தூரத்தில் நிற்கும். வந்த வழியே சத்தமில்லாமல் பின்வாங்கிவிட்டு 1992க்கு அழைக்க வேண்டும். அது வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம்.)

பெப்ரவரி 27, வியாழன்

நேற்றுச் சிவராத்திரி. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் நான்கு சாமமும் விழித்துவிட்டு வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்குள் அழைப்பு. இந்தமுறை "எங்கை?" என்று நான் கேட்கும் முன்பே சொன்னார்கள்: தோட்ட வேலிக்கு வெளியே, சுருக்குக் கம்பித் தடத்தில் மான் செத்துக் கிடக்கிறது, பக்கத்தில் குட்டி நிற்கிறது.

இப்படியானதுதான் உண்மையான அநாதைக் குட்டி. தடத்தில், இடறினால் வெடிக்கிற கட்டுத்துவக்கில், பன்றி வெடியில், வாகனத்தில் தாய் போயிருக்கும். பன்றிக்கு வைத்தேன் என்பார்கள். கம்பிக்கு மான் எது பன்றி எது என்று தெரியாது.

போகும் வழியிலேயே 1992க்குச் சொல்லிவிட்டேன். அங்கே சனம் கூடிவிட்டது. குட்டியை நடுவில் விட்டுச் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். முதலில் ஆட்களைத்தான் விலக்கினேன். மான் இனத்துக்குப் பயமே விசம். பிடித்து இழுத்து, துரத்தி, கட்டிப்போட்டால் தசையும் இருதயமும் பழுதாகி, சில நாள் கழித்துக்கூடச் சாகும். கண்ணை ஒரு மெல்லிய துணியால் மூடி, காலைக் கட்டாமல், ஆட்டுக்கொட்டிலில் ஓர் இருட்டு மூலையில் வைத்தோம். வானொலியை நிறுத்தியாயிற்று. குழந்தைகளை அனுப்பியாயிற்று.

வீட்டு அக்கா ஆட்டுப்பால் கறந்து சூப்பிப் போத்தலோடு வந்தார். மிருக வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்ட பிறகு கொஞ்சமாகக் கொடுத்தோம். அக்கா குட்டியைக் கைப்பிள்ளை போல மடியில் மல்லாத்தப் பார்த்தார். அப்படிக் கொடுத்தால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும். நின்றபடியோ நெஞ்சு நிலத்தில் பட இருந்தபடியோ, கழுத்தை நிமிர்த்தி, தாயின் மடியில் குடிக்கிற மாதிரியே குடிக்க வேண்டும். ஆட்டுக்குட்டி வளர்த்தவருக்கு ஒருமுறை சொன்னால் போதும். பிறகு வெதுவெதுப்பான ஈரத்துணியால் பின்பக்கத்தைத் துடைத்துவிட்டேன். தாய் நக்கிவிடாமல் சின்னக் குட்டிக்குச் சலமும் மலமும் போகாது.

மதியத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. "உவங்களிட்டக் குடுக்காமல் நாங்களே வளத்து, பெரிசானாப் பிறகு காட்டில விடுவம்." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் மானை வைத்திருப்பது குற்றம். சட்டத்தை விடுவோம். வீட்டில் வளர்ந்த கிடாய் மானுக்குக் கொம்பு முளைத்துப் பருவம் வந்தால் அது மனிதனைத்தான் போட்டியாக நினைத்து முட்டும். பிணை, அதாவது பெண்மான் என்றால் நாய்க்கும் மனிதனுக்கும் பயப்படாமல் வளரும், காட்டில் விட்ட அன்றே தடம் வைக்கிறவனிடம் நடந்து போகும். உடவளவையில் 1995 முதல் யானைக்குட்டிகளுக்கென்று ஓர் இடைத்தங்கல் இல்லம் நடக்கிறது. அங்கே மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுப்பார்கள், அதற்கு மேல் ஒட்டுறவு வைத்துக்கொள்வதில்லை. அதனால்தான் ஐந்து வயதளவில் காட்டுக்கு அனுப்ப முடிகிறது. நாங்கள் அப்படி வளர்க்க மாட்டோம். பெயர் வைப்போம், பிஸ்கற் கொடுப்போம்.

பின்னேரம் அதிகாரிகள் வந்து குட்டியை எடுத்துப்போனார்கள். தடக்கம்பியையும் கழற்றிக் கொண்டுபோனார்கள். யார் வைத்தது என்று கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

மார்ச் 3, திங்கள்

அந்தக் குட்டி செத்துவிட்டதாம். அக்காதான் அழைத்துச் சொன்னார். எங்களோடேயே இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அவருக்கு ஒரு கோபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடியும்வரை செத்த தாயோடு நின்ற குட்டி, அதற்குப் பிறகு அத்தனை சனத்தையும் பார்த்தது.

மார்ச் 5, புதன்

குரங்குக் குட்டி ஒன்று. தாய் மின்கம்பியில் செத்து விழுந்திருக்கிறது, குட்டி தாயின் வயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரித்தெடுக்கப் போன தம்பியைப் பிறாண்டிவிட்டது. குட்டியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தம்பியை முதலில் இழுத்துக்கொண்டு போய்க் குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவ வைத்தேன். பிறகு ஆஸ்பத்திரி. "சின்னக் கீறல்தானே மிஸ்." விசர்நோய்க்குச் சின்னக் கீறல் பெரிய கீறல் என்று இல்லை. அறிகுறி தெரிந்த பிறகு மருந்து இல்லாத நோய் அது. நாய்தான் பெரும்பாலும் பரப்புகிறது. ஆனால் நரி, கீரி, மரநாய் எல்லாவற்றுக்கும் வரலாம். வெறுங்கையால் தூக்காமல் சாக்கையோ தடித்த துவாயையோ போட்டுத் தூக்கச் சொல்வது இதற்காகத்தான்.

குட்டியை வனசீவராசிகள் ஆட்கள் பொறுப்பெடுத்தார்கள். தாயின் உடம்பிலிருந்து பிரிக்கும்போது கையில் ஒரு துவாயைக் கொடுத்தேன், அதைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிடிக்க ஏதாவது வேண்டும்.

மார்ச் 15, சனி

காலை எட்டு மணியிலிருந்து எட்டு ஐந்து வரை நாடு முழுக்க வளவில் நிற்கிற குரங்கு, மந்தி, மரஅணில், மயில் எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்று விவசாய அமைச்சு சொல்லியிருந்தது. தாளும் பேனையுமாக முற்றத்தில் நின்றேன். எந்த நாளும் கூரையில் குதிக்கிற கூட்டத்தில் ஒன்றுகூட வரவில்லை. எட்டரைக்கு வந்து பப்பாசியைப் பிய்த்துவிட்டுப் போயின.

மார்ச் 18, செவ்வாய்

கடைசி வயல்களும் வெட்டி முடிகிறது. மெசின் தம்பியைப் பிடித்து அடுத்த போகத்துக்கு ஒரு விசயம் கேட்டேன். காட்டுப் பக்கத்திலிருந்து றோட்டுப் பக்கமாக வெட்டி வந்தால் உள்ளே கிடக்கிற சீவன் எல்லாம் றோட்டுக்குத்தான் ஓடும். றோட்டுப் பக்கம் தொடங்கிக் காட்டுப் பக்கமாகப் போனால் அவை காட்டுக்குள் இறங்கிவிடும். செலவில்லாத வேலை.

செலவு இருக்கிறதாம். "முடிக்கிற இடம் றோட்டடியா இருந்தாத்தான் மிஸ் லொறிக்கு நெல்லுக் கொட்டலாம். காட்டடியில முடிச்சா மெசின் சும்மா திரும்பி ஓட வேணும். டீசல் ஆர் தாறது?" நியாயம்தான். அப்படியென்றால் வெட்டத் தொடங்க முன் இரண்டு பேர் தகரத்தைத் தட்டிக்கொண்டு வயலுக்குள் ஒரு நடை நடக்கலாமே என்றேன். அதற்கு அவர் சம்மதம், ஆனால் வயல்காரர் ஆள் விட வேண்டும்.

சிறுபோகக் கூட்டத்தில், குளத்துத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்கு என்று முடிவானபின், இதை எழுப்ப இருக்கிறேன். கமக்கார அமைப்புத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். சிரித்தார். "பன்றிக்கும் சேர்த்து வழி விடச் சொல்லுறியோ பிள்ளை?"

"பன்றி நெல்லுத் தின்னும் ஐயா. காட்டுப்பூனை எலி தின்னும். இந்தமுறை உங்கட வயலில எலி வெட்டினது எவ்வளவு?"

கூட்டத்துக்கு வரச் சொன்னார்.