ஐர் ஏரிக்குத் தண்ணீர் வருவதை வானத்திலிருந்து பார்த்தேன்

ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் கட்டி தண்டா – ஐர் ஏரி பெயருக்குத்தான் ஏரி. பெரும்பாலான வருஷங்களில் அது வெறும் உப்புப் பாளம். கடல் மட்டத்துக்கு சுமார் 15 மீட்டர் கீழே கிடக்கிறது, அந்தக் கண்டத்தின் ஆறில் ஒரு பங்கு நிலம் அதை நோக்கித்தான் சரிகிறது. 2025 மார்ச் கடைசியில் குயின்ஸ்லாந்தில் கொட்டிய மழை அங்கே வந்து சேரும் என்று படித்ததும், ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கோப்பர்நிக்கஸ் பிரௌசர் என்ற இணையதளத்தில் இலவசமாக எடுத்து வரிசையாக அடுக்கிப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிக்சல் 10 மீட்டர், மேகம் இல்லாவிட்டால் ஐந்து நாளைக்கு ஒரு படம்.

ஏரிக்கு வடக்கே சிம்ப்சன் பாலைவனம். இரும்புத் துரு ஏறிய செம்மணல் மேடுகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சீப்பால் வாரிவிட்டது மாதிரி நேர்கோடுகளாக ஓடுகின்றன, சில மேடுகள் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளம். ராஜஸ்தான் மணல்மேடுகளை இதே மாதிரி பார்த்தால் மேடெல்லாம் பள்ளம் மாதிரி தெரியும், ஏனென்றால் வடக்கு மேலே இருக்கும் படத்தில் வெயில் கீழ்ப்பக்கமிருந்து விழுகிறது, நம் கண்ணோ வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே தென்கோளம், சூரியன் வடக்கே, அந்தத் தொல்லையே இல்லை. அதுவும் மே, ஜூனில் வெயில் சாய்ந்து விழுவதால் ஒவ்வொரு மேட்டின் நிழலும் தனித்தனியாகத் தெரிகிறது.

சரி, தண்ணீருக்கு வருவோம். மழை பெய்து பல வாரம் கழித்துத்தான் ஏரியில் வந்து விழும் வார்பர்ட்டன் ஆற்றின் வாயில் நீர் தெரிந்தது, வழியில் மண்ணும் வெயிலும் குடித்தது போக மிச்சம். வெள்ளை உப்புக்கு நடுவே வார்பர்ட்டன் குரூவ் என்ற வாய்க்கால் முதலில் கறுத்தது, அதைப் பிடித்துக்கொண்டு ஏரியின் தெற்கே பெல்ட் பே என்ற பள்ளம் வரை நீர் போய்ப் பரவியது. நிலத்தின் பள்ளம் எது என்று நீரே கோடு போட்டுக் காட்டிவிட்டது.

நீர்ப்பரப்பைக் கணக்கிடுவதுதான் பாடு. பச்சை ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிடும் வழக்கமான கணக்கு ஆற்றுக்கு நன்றாக வருகிறது. ஆனால் உப்பின் மேல் நாலு விரல் ஆழத்துக்கு நிற்கும் நீரில் அடியிலிருக்கும் வெள்ளை மேலே அடிக்கிறது, கணக்குக் குழம்புகிறது. அதற்குப் பதில் இன்னும் நீண்ட அலையான குற்றலை அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தை வைத்தால் ஈரமான உப்பும் நீர் மாதிரியே இருட்டாக வருகிறது. இப்போதைக்கு எது நீர், எது நிலம் என்று பிரிக்கும் எல்லை எண்ணை ஒவ்வொரு தேதிக்கும் தனியாக வைத்து, இயல்பு வண்ணப் படத்தோடு கண்ணால் சரிபார்க்கிறேன். மெதுவான வேலை, ஆனால் நம்பலாம்.

பறவைகள்? 10 மீட்டர் பிக்சலில் கூழைக்கடா தெரியாது. அண்டார்க்டிகாவில் பென்குவின் கூட்டங்களை எச்சக் கறையை வைத்தே செயற்கைக்கோள் படத்தில் கண்டுபிடித்திருக்கிறார்களே என்று இங்கேயும் தீவுகளைத் துழாவினேன். வெள்ளை எச்சம், வெள்ளை உப்பு, போதுமடா சாமி என்று விட்டுவிட்டேன். அதனால் பறவைக்கு எது வேண்டுமோ அதைத் தேடுகிறேன். நம்மூர் பவளக்கால் உள்ளானுக்கு உறவுக்காரப் பறவையான பேண்டட் ஸ்டில்ட், காய்ந்த ஏரியில் நீர் வந்து உப்பு இறால் பெருகியதும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் பறந்து வந்து தீவுகளில் முட்டையிடும். நாலு பக்கமும் நீர் சூழ்ந்திருந்தால்தான் டிங்கோ என்ற ஆஸ்திரேலியக் காட்டு நாய்களுக்கு முட்டை எட்டாது. ஆகவே எந்தத் திட்டு எந்தத் தேதியில் தீவானது, எப்போது மறுபடி கரையோடு ஒட்டியது என்று குறித்துவருகிறேன். மொத்தப் பரப்பைவிட இந்தப் பட்டியல்தான் எனக்குச் சுவையாக இருக்கிறது.

அடுத்து, 1974 பெருவெள்ளத்தை லேண்ட்சாட்-1 என்ற பழைய அமெரிக்கச் செயற்கைக்கோள் எடுத்த படங்களை இறக்க வேண்டும். பிக்சல் பெரிது, சின்னத் திட்டெல்லாம் தெரியாது, ஆனாலும் ஏரி நிறைந்தால் கரை எதுவரை போகும் என்று 2025 படங்களின் மேல் வைத்துப் பார்த்துவிடலாம்.