அடைமழை நாளும் ஒரு கிலோ மொச்சையும்

வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் போதும், வேலூரில் இரண்டு நாளைக்கு வெயில் தலைகாட்டாது. வெயிலுக்கென்றே கட்டிய ஊர் இது. மழைக்கு நம் வீடுகளில் ஏற்பாடு கம்மி. வேலைகளை வரிசைப்படுத்திக்கொண்டால் மதியத்துக்கு மேல் இரண்டு பழைய படம் பார்க்கலாம்.

காலையில் கரண்ட் இருக்கும்போதே மோட்டார் போட்டு டேங்கை நிரப்பிவிட வேண்டும். அப்படியே மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைப் பாருங்கள். வேப்பஞ்சருகும் ஒரு பாலித்தீன் கவரும் சேர்ந்தாலே அடைத்துக்கொள்ளும். தேங்கிய தண்ணீர் தளத்தின் விரிசல் வழியாக இறங்கி, கூரையில் மஞ்சள் வட்டம் போட்ட பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை.

வெளிவேலையில் காகிதம் சம்பந்தப்பட்டதை முதலில் முடியுங்கள், ஈரமானால் பரவாயில்லை என்பதைக் கடைசியில். ரேஷன் கடைக்குப் போகும்போது சட்டைக்குள் ஒரு காய்ந்த கைக்குட்டை இருக்கட்டும். நனைந்து சுருங்கிய விரலை ரேகை மிஷின் எடுக்காது. துடைத்து, உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு வைத்தால் எடுக்கும். பாமாயில் பாக்கெட் நனையலாம். சர்க்கரைக்கும் பருப்புக்கும் மூடி போட்ட தூக்கு கொண்டுபோவது நல்லது.

தேங்கிய தண்ணீரில் ஸ்கூட்டர் நின்றுபோனால் செல்ஃப் அடிக்காதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால், பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போவது மலிவு. தண்ணீரைத் தாண்டி வந்துவிட்டால் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், லைனர் காயும். பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் காட்பாடி பக்கத்து வேலையை மறந்துவிடலாம். பாலத்தில் வேடிக்கை பார்க்கிற வண்டிகளே வழியை அடைத்துவிடும். 2021 நவம்பரில் கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்த ஊர், மழையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நேதாஜி மார்க்கெட்டில் கீரையைத் தொடாதீர்கள். மழையில் ஊறிய கட்டு சாயங்காலத்துக்குள் அழுகும். வாங்க வேண்டியது மொச்சைக்காய். மொச்சையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பில் வைக்கிற பிதுக்கம் பருப்புக் குழம்பு இந்தப் பக்கத்துச் சொத்து. படம் பார்க்கிற நாளைவிட அதற்குத் தோதான நாள் கிடையாது. ஒரு கிலோ காய் உரித்தால் பாதிக்கும் குறைவாகத்தான் கொட்டை தேறும். மழைக்காலத்தில் புழு அதிகம், ஓட்டை இருக்கிற கொட்டையை அப்போதே ஒதுக்குங்கள். முதல் படத்தில் உரித்து, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, இரண்டாவது படத்தில் பிதுக்க வேண்டும். அவசரமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் போடலாம். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் பருப்பு அரைவேக்காடாகி, பிதுக்கும்போது உடையும். தோலின் ஒரு முனையை நகத்தால் கீறி, மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கீறிய பக்கம் பாத்திரத்தைப் பார்த்து இருக்கட்டும், இல்லாவிட்டால் டிவி வரைக்கும் பறக்கும். குழம்பில் முள்ளு கத்தரிக்காயும் சேர்த்தால் பிரமாதம். பருப்பைக் குக்கரில் வைக்காதீர்கள், கூழாகிவிடும். திறந்த பாத்திரத்திலேயே சீக்கிரம் வெந்துவிடும்.

துணியை மெஷினில் இரண்டு முறை ஸ்பின் விடுங்கள். மழைநாள் துணியில் வரும் வாடைக்குக் காரணம் சோப்புக் குறைவு இல்லை. பல மணி நேரம் ஈரமாகவே கிடப்பதால் பெருகும் கிருமிகள்தான். சோப்புத் தூளைக் கூட்டிப் போட்டால் அதுவும் நாரில் தங்கி வாடையைக் கூட்டும். உள்ளே கொடி கட்டினால் துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டு, டேபிள் ஃபேனைக் கொடியின் நீளவாக்கில் வையுங்கள். ஜன்னலை முழுக்க மூடுவது பலர் செய்யும் தப்பு. ஈரக்காற்று வெளியே போக வழியில்லாவிட்டால் ஃபேன் அதையே திரும்பத் திரும்பச் சுற்றும். ஜீன்ஸை உள்புறம் வெளியே திருப்பிப் போடுங்கள், பாக்கெட்தான் கடைசியாகக் காயும். நனைந்த ஷூவுக்குள் பேப்பரைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றினால் போதும். ஆம்பூரையும் ராணிப்பேட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தோல் ஷூவை அடுப்போரம் காயவைக்கிறவர்களை என்ன சொல்ல? தோல் விறைத்து வெடிக்கும், அடிப்பாகப் பசை விட்டுப்போகும்.

இனி படம். கனமழையில் டிஷ் சிக்னல் போய்விடும், அதனால் முந்தின நாளே டவுன்லோடு செய்து வையுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. கறுப்பு வெள்ளைப் படம் ஏறக்குறைய சதுரத் திரைக்கு எடுத்தது. டிவியில் படத்தை இழுத்துக் காட்டும் செட்டிங் இருந்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். 4:3க்கு மாற்றுங்கள், இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

எந்தப் படம் என்பது கைவேலையைப் பொறுத்தது. பாட்டு நிறைந்த படமென்றால் பாட்டு வரும்போது எழுந்து குழம்பைக் கிளறிவிட்டு வரலாம். 1954இல் வந்த 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது, எழுந்தால் கதை போய்விடும். மொச்சை உரிக்க அதுதான் சரி, கை தானாக வேலை செய்யும். பிதுக்குவதற்குப் 'பராசக்தி'. 1952 தீபாவளிக்கு வந்த அந்தப் படத்தைத் தயாரித்த பெருமாள் முதலியார் நம் வேலூர்க்காரர். கோர்ட் காட்சிக்கு முன்னாலேயே பிதுக்கி முடித்துவிடுங்கள். அங்கே கை நின்றுவிடும். இடி தொடங்கினால் டிவி பிளக்கோடு டிஷ் ஒயரையும் பிடுங்கிவிட்டு, மீதியை லேப்டாப்பில் பாருங்கள்.